மாடல் கார் பாடி: ப்ரைமர் காட்டிக்கொடுக்கும் குறைகளும் அவற்றுக்கான வைத்தியமும்

பீரங்கி வண்டி மாடல் கட்டுகிறவர் சேறு, துரு, புகைக்கறை என்று எதையாவது பூசி ஒப்பேற்றிவிடலாம். கார் கட்டுகிறவருக்கு அந்த வசதி கிடையாது. பளபளக்கும் பெயிண்ட் அடியில் இருக்கும் சின்ன மேடு பள்ளத்தையும் பெரிதாக்கிக் காட்டும். "பெயிண்ட் சரியா வரலை" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை பாடியில் செய்யாமல் விட்ட வேலையின் பாக்கிதான். அதனால் இந்த வழிமுறை நிறத்தைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. உங்கள் பாடியில் என்ன தெரிகிறதோ அதைத் தலைப்புகளில் தேடுங்கள்.

தமியா, ஃபுஜிமி, அஓஷிமா, ஹசெகாவா, ரெவெல், ஏஎம்டி போன்றவர்கள் விற்கும் 1/24, 1/25 அளவு பிளாஸ்டிக் கிட்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். ரெசின் பாடிக்கும் உலோகப் பாடிக்கும் கடைசிப் பக்கம் தனியாகச் சில வரிகள் உண்டு.

முதலில் பார்க்கும் முறை. வெறும் பிளாஸ்டிக்கில் குறைகள் கண்ணில் படாது. வெள்ளை பிளாஸ்டிக் ஒளியைச் சிதறடித்துவிடும். பாடியைத் தண்ணீரில் நனைத்து டியூப்லைட்டுக்குக் கீழே மெல்லச் சாய்த்துப் பாருங்கள். ஈரம் காயும்வரை அது கிளியர் என்ற நிறமற்ற மேற்பூச்சு அடித்த பாடி போலவே மினுங்கும். டியூப்லைட்டின் பிம்பம் கூரையிலும் கதவிலும் நேராக வழுக்கிப் போக வேண்டும். எங்கே நெளிகிறதோ, எங்கே உடைகிறதோ, காய்ந்தபின் அங்கே பென்சிலால் குறி வையுங்கள். மார்க்கர் வேண்டாம். அதன் மை ப்ரைமரையும் (நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) நிறத்தையும் தாண்டி மேலே கசியும்.

ஃபெண்டர் மேலும் கூரைத் தூண்களிலும் மெல்லிய கோடு ஓடுகிறது

இது அச்சுக்கோடு. கார் பாடியை இரண்டே பாதி அச்சில் வார்க்க முடியாது. மேலே ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று, முன்னும் பின்னும் ஒவ்வொன்று என்று சறுக்கித் திறக்கும் அச்சுத் துண்டுகள் வேண்டும். அவை சந்திக்கும் இடமெல்லாம் கோடு விழும். பெரும்பாலும் முன் ஃபெண்டரின் முதுகு, கூரையின் ஓரம், பின் தூண் வழியாக டிக்கியின் ஓரம், பம்பரின் நான்கு மூலை. எந்த கிட்டை எடுத்தாலும் இந்தப் பாதையைத்தான் முதலில் விரலால் தடவ வேண்டும். கண்ணைவிட நகம் நன்றாகக் கண்டுபிடிக்கும்.

சுரண்டும் முன் ஒரு வேலை: உண்மையான காரின் படங்களை எடுத்துப் பாருங்கள். கூரைக்கும் பின் தூணுக்கும் இடையே நிஜக் காரிலேயே ஒரு தகடு இணைப்புக் கோடு இருக்கலாம். பழைய கார்களில் கதவுக்கு மேலே மழைநீர் ஓட ஒரு வரம்பு இருக்கும். அச்சுக்கோடு சில சமயம் அதன் மேலேயே போகும். கோடு என்று நினைத்து அதையும் தேய்த்துவிட்டால் கார் மொட்டையாகிவிடும்.

நீக்கும் முறை எளிது. கத்தி அலகின் பின்முதுகை ஏறக்குறைய நிமிர்த்திப் பிடித்து, கோட்டின் மேல் மெல்ல இழுங்கள். சுருள் சுருளாகப் பிளாஸ்டிக் வரும். மேடு போனபிறகு 600, 800, 1000 என்று வாட்டர் பேப்பரைத் தண்ணீரோடு தேய்க்க வேண்டும் (எண் கூடக் கூடத் தாள் நயமாகும்). வளைந்த ஃபெண்டரில் கட்டை வைத்துத் தேய்த்தால் தட்டையான ஒரு பட்டை உருவாகும், டியூப்லைட்டில் அது உடனே தெரியும். வளைவுக்கு ஸ்பாஞ்ச் தாள், தட்டைக்குக் கட்டை.

கோட்டின் ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் இருந்தால் அது மேடல்ல, படி. அச்சுத் துண்டுகள் சற்று நகர்ந்ததால் வருவது. தேய்ந்த பழைய அச்சுகளில் அதிகம். உயர்ந்த பக்கத்தை இறக்கப் பார்த்தால் ஃபெண்டரின் வடிவமே மாறும். தாழ்ந்த பக்கத்தை மிஸ்டர் சர்ஃபேசர் 500 என்ற திரவ நிரப்பியைக் கொண்டு இரண்டு மூன்று தடவையாக ஏற்றிச் சமப்படுத்துவதே என் வழக்கம்.

மழைநீர் வரம்பு ஏற்கெனவே போய்விட்டதென்றால், எவர்கிரீன் விற்கும் 0.25 × 0.5 மி.மீ. பிளாஸ்டிக் பட்டையை ஒட்டிப் புதிதாக வைக்கலாம். அது கிடைக்கவில்லையா, கிட்டின் சட்டத்தில் (பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் கம்பி) ஒரு துண்டை மெழுகுவத்தியின் சூட்டில் இளக்கி இழுங்கள். நூல் போல நீளும். அதை மெல்லிய சிமெண்டால், அதாவது பிளாஸ்டிக் மாடலுக்கான திரவப் பசையால், ஒட்டினால் போதும்.

பிம்பம் ஓரிடத்தில் குழிந்து தெரிகிறது

இது சுருக்கக்குழி. பிளாஸ்டிக் எங்கே தடிமனோ அங்கே மெதுவாகக் குளிரும். குளிரும்போது மேல்தோலை உள்ளே இழுக்கும். பாடியைத் திருப்பிப் பாருங்கள். குழிக்கு நேர் பின்னால் ஸ்க்ரூ தூணோ, விலா போன்ற தாங்கியோ இருக்கும். ஆக, எங்கே குழி விழுந்திருக்கும் என்று உள்பக்கம் பார்த்தே முன்கூட்டிச் சொல்லிவிடலாம்.

மேலோட்டமான குழியென்றால் சுற்றிலும் 800 தாளால் கட்டை வைத்துத் தேய்த்தே சமன் செய்யலாம். தேய்க்கும்போது நடுவில் மட்டும் ஒரு பளபளப்பான தீவு மிஞ்சினால் அங்கே நிரப்ப வேண்டும். எதை வைத்து என்பதில்தான் பலருக்கும் தடுமாற்றம்.

நம் ஊரில் பட்டி டிங்கரிங் பார்க்கும் கடைகளில் இரண்டு வகை பட்டி உண்டு. ஒன்று என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பட்டி, இதில் தின்னர் இருக்கிறது, தின்னர் ஆவியாகித்தான் காயும். மற்றது ஹார்டனர் கலக்கும் பாலியெஸ்டர் பட்டி. இது வேதிவினையால் இறுகும். தமியாவின் டியூப் பட்டியும் மிஸ்டர் சர்ஃபேசரும் முதல் சாதி. கீறல், ஊசித்துளை, தாளின் தடம் ஆகியவற்றுக்கு முதல் சாதி போதும். குழிக்கு அது ஆகாது, காயக் காயச் சுருங்கும். குழிக்கு பாலியெஸ்டர் பட்டியோ, சூப்பர் க்ளூவோடு முகப்பவுடர் கலந்த கூழோ நல்லது. பவுடர் சேர்ப்பது நிரப்புவதற்கு மட்டுமல்ல, தேய்க்க இளக்கமாக இருப்பதற்கும்தான். வெறும் சூப்பர் க்ளூவை ஊற்றி ஒரு ராத்திரி விட்டுவிட்டால் அது சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகிவிடும். பிறகு எவ்வளவு தேய்த்தாலும் க்ளூ நிற்கும், பிளாஸ்டிக் தேயும். அதனால் க்ளூ வைத்த அன்றே தேய்த்து முடியுங்கள். சமையல் சோடாவைத் தூவினால் உடனே இறுகும் என்பது உண்மை. ஆனால் கல் மாதிரி இறுகும். அதை உள்பக்க ஒட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எம்-சீல் பற்றி எப்போதும் கேட்பார்கள். பெரிய ஓட்டையை உள்ளிருந்து அடைக்க அது நல்ல பொருள். மேல் பரப்புக்கு அதன் மணி கரடு.

பட்டி வைத்த இடம் ப்ரைமருக்குப் பிறகும் தெரிகிறது, அல்லது சில வாரம் கழித்துத் தெரிகிறது

கார் மாடலில் மனதை உடைப்பது இதுதான். எல்லாம் முடிந்து பாலிஷ் போட்ட பிறகு, கதவில் ஒரு தீவின் கரை போலத் தடம் எழும். மூன்று தனித்தனிக் காரணங்கள் உண்டு, மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

தடம் ப்ரைமர் அடித்த உடனேயே தெரிந்து, விரலுக்கும் நகத்துக்கும் ஒன்றும் படவில்லை, அந்த இடம் மட்டும் மங்கலாக இருக்கிறதென்றால், பட்டி பெயிண்டை உறிஞ்சுகிறது. கவலை வேண்டாம். அந்த இடத்துக்கு மட்டும் இரண்டு மெல்லிய ப்ரைமர் கோட் கொடுத்து, காய்ந்தபின் 1000 தாளால் தடவிவிட்டு, முழுப் பாடிக்கும் மறுபடி அடியுங்கள்.

நகம் வைத்தால் ஓரத்தில் சின்னப் படி தட்டுகிறதென்றால், வெறும் விரலால் தேய்த்திருக்கிறீர்கள். பட்டி பிளாஸ்டிக்கைவிட மிருது. விரலின் சதை மிருதுவான பக்கமாகவே அமுங்கி அங்கே குழிபறிக்கும். கட்டை வைத்துத் தேய்த்திருந்தால் இது வராது. அழிரப்பரில் தாளைச் சுற்றினாலும் கட்டைதான். மறுபடி நிரப்பி, மறுபடி தேய்க்க வேண்டும், குறுக்குவழி இல்லை.

மூன்றாவது, வாரக்கணக்கில் கழித்து வருவது. அது சுருக்கம். பட்டிக்குள் இருந்த கரைப்பான் முழுதாக வெளியேறும் முன்பே தேய்த்துச் சமன் செய்துவிட்டார்கள். மிச்சம் ஆவியானபோது பட்டி இறங்கிவிட்டது. போதாததற்கு, மேலே அடித்த ப்ரைமரின் தின்னர் பட்டியை மறுபடி ஊறவைத்திருக்கும். டியூப் பட்டியைத் தடிமனாக அப்பாமல் மெல்லிய அடுக்குகளாக வைப்பது, ஒவ்வொரு அடுக்கும் மூக்கருகே வைத்தால் தின்னர் வாடையே வராத அளவு காயும்வரை பொறுப்பது, இதுதான் தடுப்பு. மூக்கை நம்பலாம், நாள்காட்டியைவிட அது நேர்மையானது.

ஒட்டிய இடத்தின் கோடு மறுபடி எழுகிறது

முந்தையதன் சொந்தக்காரன். ஃபுஜிமி, அஓஷிமா கிட்களில் முன் பம்பர், பக்கப் பாவாடை (சைட் ஸ்கர்ட்), ஸ்பாய்லர் எல்லாம் தனித்தனி. நிறம் ஒன்றாக வர வேண்டுமென்றால் பெயிண்டுக்கு முன்பே ஒட்டுவது நல்லது. மெல்லிய சிமெண்ட் இரு பக்கப் பிளாஸ்டிக்கையும் கரைத்து ஒன்றாக்குகிறது. கரைந்த இடம் சற்று ஊதியிருக்கும். ஊதியிருக்கும்போதே தேய்த்துச் சமன் செய்தால், கரைப்பான் வெளியேறிப் பிளாஸ்டிக் வற்றியதும் கோடு குழியாகத் திரும்பி வரும்.

ஒட்டியதைக் குறைந்தது ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள். அவசரம் என்றால் உள்பக்கம் சிமெண்ட் வைத்து வலு கொடுத்து, வெளி இடுக்கை மட்டும் சூப்பர் க்ளூவால் நிரப்புங்கள், அது சுருங்காது. ஆனால் இங்கேயும் நிஜக் காரின் படத்தைப் பாருங்கள். பம்பர் ஃபெண்டரோடு சேரும் இடத்தில் எல்லாக் காரிலும் இடைவெளி இருக்கத்தான் செய்யும். அதை மூடி மழமழவென்று ஆக்கிவிட்டுப் பிறகு ஏன் பொம்மை மாதிரி இருக்கிறது என்று யோசிப்பவர்கள் உண்டு.

கதவுக் கோடுகள் பெயிண்டில் மூழ்கிவிடும் போலிருக்கின்றன

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிஜக் காரில் கதவு இடுக்கு 5 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் 1/24 அளவில் அது 0.2 மி.மீ. ப்ரைமர், நிறம், கிளியர் மூன்றும் சேர்ந்தால் 0.1 மி.மீ. எளிதாக வரும். இடுக்கின் இரு சுவரிலும் பெயிண்ட் ஏறுகிறது, அடியிலும் தேங்குகிறது. ஆழமில்லாத கோடு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால் ப்ரைமருக்கு முன்பே கோடுகளை ஆழப்படுத்த வேண்டும். அகலம் கூடக் கூடாது, ஆழம் மட்டும். கோடு ஏற்கெனவே இருந்தால் கத்தி அலகின் பின்முனையையே தடத்தில் வைத்து இழுக்கலாம். இதற்கென்றே விற்கும் கொக்கி போன்ற பிளாஸ்டிக் கீறி இன்னும் நல்லது. அது பிளாஸ்டிக்கை ஒதுக்கித் தள்ளாமல் சீவி எடுக்கும், ஓரத்தில் கரை எழும்பாது. முதல் நான்கைந்து இழுப்பு தூசி தட்டுவது போல இருக்கட்டும். அழுத்தம் கொடுக்க ஆசை வரும் நேரத்தில்தான் கருவி தடம் புரளும். வளைவுகளிலும் கைப்பிடி அருகிலும் திசை மாறும் இடத்தில் நிறுத்தி, எதிர்ப்பக்கத்திலிருந்து திரும்பி வாருங்கள்.

கோடே இல்லாத இடத்தில் புதிதாகக் கீற வேண்டுமென்றால் டைமோ லேபிள் டேப்பை வழிகாட்டியாக ஒட்டுங்கள். அது தடிமன், விறைப்பு, வளைந்த பரப்பிலும் பிடித்துக்கொள்ளும். சாதாரண மாஸ்கிங் டேப்பின் ஓரம் கருவிக்கு இணங்கிப் போய்விடும்.

புரண்டுவிட்டதா? கீறலில் ஊசி முனையால் சூப்பர் க்ளூ விட்டு, ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்து, மறுபடி கீறுங்கள். இங்கே டியூப் பட்டி வேண்டாம். மறுபடி கீறும்போது துண்டு துண்டாகப் பெயரும்.

தேய்க்கும் வேலைகளில் கோட்டுக்குள் தூள் அடையும். பழைய டூத் பிரஷும் தண்ணீரும் போதும். அடையவிட்டு ப்ரைமர் அடித்தால் அது அங்கேயே சிமெண்டாகிவிடும்.

பானெட் மூடவில்லை, அல்லது பாடி சேஸிஸில் உட்காரவில்லை

இதைப் பெயிண்டுக்குப் பிறகு கண்டுபிடிப்பதைவிடக் கொடுமை ஒன்றில்லை. பாடி, சேஸிஸ், உள் இருக்கைத் தொட்டி, கண்ணாடி, பானெட், விளக்குகள் எல்லாவற்றையும் டேப்பால் பிடித்து ஒருமுறை சேர்த்துப் பாருங்கள். பானெட் இடுக்கில் ஒரு ஏ4 தாளைச் செருகிப் பாருங்கள். சாதாரண ஏ4 தாளின் தடிமன் சுமார் 0.1 மி.மீ. அதாவது பெயிண்டுக்கான இடம். தாள் நுழையாத பக்கத்தைத் தேய்த்து விடுங்கள். கண்ணாடிக்கும் இதே சோதனை: கண்ணாடி உட்காரும் விளிம்பில் பெயிண்ட் ஏறினால் அது உள்ளே போகாது.

பாடி முறுக்கிக்கொண்டிருந்தால் கைபொறுக்கும் சூட்டைவிடச் சற்று அதிகமான வெந்நீரில் வைத்துப் பொறுமையாக எதிர்ப்பக்கம் வளைத்து, குளிர்ந்த நீரில் பிடித்து நிறுத்துங்கள். பாலிஸ்டைரீன் ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸில் இளகிவிடும். கொதிநீரை ஊற்றினால் முறுக்கு போகும், கூரையும் சேர்ந்து போகும்.

வீல் ஆர்ச் ஓரம் தடித்து, கிரில் அடைத்து, எல்லாம் பொம்மை போலத் தெரிகிறது

இதைக் குறை என்று கிட்டின் மேல் சொல்ல முடியாது. வார்ப்புக்கு அந்தத் தடிமன் தேவை. ஆனால் 1 மி.மீ. ஓரம் நிஜத்தில் 24 மி.மீ. தகடு ஆகிறது, கார்த் தகடோ ஒரு மி.மீ. அளவுதான். வீல் ஆர்ச்சின் உள்பக்கத்தைக் கத்தியால் சரிவாகச் சுரண்டி, வெளி ஓரம் மட்டும் மெல்லியதாகத் தெரியும்படி செய்யுங்கள். முழுத் தடிமனையும் குறைக்கத் தேவையில்லை, கண் பார்ப்பது ஓரத்தைத்தான்.

அடைத்த கிரிலும் பம்பரின் காற்றுத் துளைகளும் துளைபோட்டால் கரடாகும். பின்பக்கத்திலிருந்து தேயுங்கள். பின்சுவர் மெலிந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் காகிதம் போலாகி, துளைகள் தாமாகத் திறக்கும். முன்பக்கக் கம்பிகள் அப்படியே கூர்மையாக நிற்கும். இந்த வேலையில் கிடைக்கும் திருப்தி பெயிண்டில்கூடக் கிடைப்பதில்லை.

கதவுப் பூட்டுத் துளையை 0.5 மி.மீ. பிட்டால் கையால் துளைத்துவிட்டால், பின்னால் ஒரு சொட்டு வெள்ளி நிறம் போதும்.

எழுத்தும் சின்னமும் பெயிண்டில் கரைந்துவிடுமோ என்ற பயம்

நியாயமான பயம். பாடியோடு சேர்த்து வார்த்த எழுத்துகள் தலைமுடி அளவே உயரம். தேய்க்கும்போது அவற்றின் மேல் டேப் ஒட்டி வையுங்கள். பழைய அமெரிக்கக் கார்களில் குரோம் எழுத்து நிறைய. அதற்கு ஒரு பழகிய உத்தி உண்டு. ப்ரைமர் முடிந்ததும், நிறத்துக்கு முன், எழுத்தின் மேல் பேர்-மெட்டல் ஃபாயிலை (பின்பக்கம் பசையுள்ள மிக மெல்லிய உலோகத் தாள்) ஒட்டி, குச்சியால் நன்றாக அமுக்கி, சுற்றி வெட்டி எடுத்துவிடுங்கள். அதன் மேலேயே நிறம் அடியுங்கள். காய்ந்தபின் தின்னர் லேசாகத் தொட்ட துணியால் எழுத்தின் உச்சியை மட்டும் தடவினால் நிறம் போய் வெள்ளி ஃபாயில் வெளிப்படும். கடைசியில் கிளியர். தூரிகையால் எழுதி வராத கூர்மை இதில் வரும்.

ப்ரைமர் ஒட்டாமல் வட்ட வட்டமாக விலகுகிறது, டேப்போடு உரிந்து வருகிறது

எண்ணெய். அச்சில் தடவிய பொருளின் மிச்சம், கை எண்ணெய், சிலிகான் கலந்த கார் பாலிஷ், கம்ப்ரஸரிலிருந்து வரும் எண்ணெய்த் துளி, இவற்றில் ஒன்று. பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர், மிருதுவான பிரஷ், ஓடும் நீர், தானாகக் காய்தல். துணியால் துடைத்தால் நார் ஒட்டும். கழுவிய பிறகு கையுறை இல்லாமல் தொடாதீர்கள். டயர் பாலிஷ் அடிக்கும் அறையிலேயே பெயிண்ட் அடிப்பவர்களுக்கு என்ன சொல்லியும் பயனில்லை.

விலகிய இடத்தின் மேல் இன்னொரு கோட் அடித்து மூடப் பார்க்காதீர்கள். காயவிட்டு, தேய்த்து, கழுவி, மறுபடி.

ப்ரைமர் அடித்த இடம் சிலந்தி வலை போல வெடிக்கிறது

காட்டமான தின்னர் பிளாஸ்டிக்கையே தின்கிறது. கார் கடைகளில் விற்கும் ஸ்ப்ரே ப்ரைமர்களிலும் என்.சி. தின்னரிலும் இந்த ஆபத்து அதிகம். முதலில் கிட்டின் சட்டத்திலோ, பாடியின் உள்பக்கத்திலோ அடித்துப் பாருங்கள். அந்தப் பெயிண்டைத்தான் பயன்படுத்தியாக வேண்டுமென்றால் முதல் இரண்டு மூன்று கோட் தூவானம் போல விழட்டும், ஒவ்வொன்றும் காய்ந்தபிறகே அடுத்தது. வெடித்தபின் பெயிண்டைக் கழற்றிப் பயனில்லை, வலை பிளாஸ்டிக்கிலேயே பதிந்திருக்கும். 600 தாளால் சமன் செய்து, மாடலுக்கென்று வரும் ப்ரைமரால் தொடங்க வேண்டும்.

சிவப்பு பிளாஸ்டிக், வெள்ளை பெயிண்ட், இளஞ்சிவப்புக் கார்

சிவப்பு, மஞ்சள் பிளாஸ்டிக்கில் உள்ள சாயம் தின்னரில் கரைந்து மேலே ஏறும். ப்ரைமர் அடித்தால் நின்றுவிடும் என்று நம்ப வேண்டாம். கிட்டின் சட்டத்தில் ப்ரைமரும் வெள்ளையும் அடித்து ஒரு நாள் வைத்துப் பாருங்கள். கசிந்தால் நடுவில் ஒரு வெள்ளி கோட் கொடுங்கள். உலோகச் செதில்கள் தட்டையாகப் படிந்து சாயத்தை மறிக்கும். அதன் மேல் மறுபடி ப்ரைமர், பிறகு நிறம். அந்தக் காரையே சிவப்பாக அடிப்பவர் இந்தத் தலைப்பைத் தாண்டிப் போகலாம்.

கீறல் கீறலாகத் தெரிகிறது

அவசரத்தில் 240, 320 தாள் எடுத்திருப்பீர்கள். லாக்கர் தின்னர் கீறலின் கரையை ஊதவைத்து இன்னும் பெரிதாக்கும். மெட்டாலிக் நிறம் அதைப் பறைசாற்றும். 400க்குக் கீழே தொட வேண்டிய அவசியம் கார் பாடியில் அரிது. ஒவ்வொரு தாளுக்கும் முந்தைய தாளின் கீறலுக்குக் குறுக்காகத் தேயுங்கள். பழைய கீறல் மிஞ்சியிருந்தால் திசை வேறுபாட்டில் தெரிந்துவிடும். மெட்டாலிக் என்றால் ப்ரைமர் 1500 வரை போகட்டும்.

முதுகுகளிலும் கதவு ஓரங்களிலும் தேய்க்கும்போது பிளாஸ்டிக் எட்டிப் பார்க்கும். அந்த விளிம்புகளில் டேப் ஒட்டிவிட்டுத் தேய்ப்பது நல்லது.

ப்ரைமர் மணல் போல, அல்லது வெள்ளை பூத்து

மணல் போல இருந்தால், துளிகள் பாடியைத் தொடும் முன்பே காய்ந்துவிட்டன. ஸ்ப்ரே டின்னை 15 முதல் 20 செ.மீ. தூரத்தில் பிடியுங்கள். அடிக்கும் முன் டின்னை வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடம் நிறுத்தினால் துளி நுண்ணியதாகும். அடுப்பிலோ கொதிநீரிலோ வைத்தால் வெடிக்கும்.

வெள்ளையாகப் பூத்தால் அது ஈரப்பதம். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அங்கே பனித்துப் பெயிண்டோடு கலக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ இருப்பவர்களுக்கு இது பழக்கமான காட்சி. வெயில் வந்த மதியத்துக்குக் காத்திருங்கள். ஏர்பிரஷ் இருந்தால் மெதுவாகக் காயும் தின்னரைக் கலக்கலாம். ப்ரைமர் மட்டும் பூத்திருந்தால் நன்கு காயவிட்டுத் தேய்த்தாலே சரியாகிவிடும்.

ரெசின் பாடியும் உலோகப் பாடியும்

ரெசினில் அச்சுப்பொருளின் மிச்சம் பிளாஸ்டிக்கைவிட மிக அதிகம்; ஒரு தடவை கழுவினால் தீராது. ப்ரைமருக்குப் பிறகு திடீரென்று ஊசித்துளைகள் முளைக்கும், தோலுக்கு அடியில் இருந்த காற்றுக்குமிழ் தேய்க்கும்போது திறந்ததுதான். ப்ரைமர் அதன் வாயை மூடுமே தவிர நிரப்பாது. ஊசியால் குத்தி வாயை அகலப்படுத்தி, சூப்பர் க்ளூ விட்டு நிரப்புங்கள். ரெசின் தூளை மூச்சில் இழுக்காதீர்கள்; முகக்கவசமும் ஈரத்தேய்ப்பும் கட்டாயம்.

ஹாட் வீல்ஸ் போன்ற வார்ப்புக் கார்கள் துத்தநாகக் கலவை. பெயிண்ட் ரிமூவரால் உரித்தபின் நன்றாகக் கழுவி, கூரை ஓரத்தின் வார்ப்புக்கோட்டை அரத்தால் ராவி, அன்றைக்கே உலோக ப்ரைமர் அடித்துவிடுங்கள். சும்மா கிடந்தால் மேலே கருமை படரும், பெயிண்ட் அதன் மேல் நிற்காது.

எதுவும் சரிவரவில்லை, எல்லாவற்றையும் உரிக்க வேண்டும்

ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் பாலிஸ்டைரீனை ஒன்றும் செய்யாது. அக்ரிலிக் பெயிண்டை அது சுலபமாக எடுக்கும். மிஸ்டர் சர்ஃபேசரையும் இளக்கும். மூடியுள்ள டப்பாவில் பாடியை மூழ்கவைத்து, இளகியதும் டூத் பிரஷ். பிரிட்டிஷ் மாடலர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்துவது டெட்டால். பெயிண்ட் முழுதாகப் போகும்வரை தண்ணீர் கலக்காமல் தேயுங்கள். நடுவில் தண்ணீர் பட்டால் உரிந்த பெயிண்ட் பிசினாகி ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் போய் அமர்ந்துகொள்ளும். எனாமல் பெயிண்டுக்குப் பிரேக் ஆயில் வேலை செய்யும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். குரோம் பாகங்களின் பளபளப்பை எடுக்க வீட்டுப் ப்ளீச்சே போதும். அதனடியில் மிஞ்சும் மஞ்சள் வார்னிஷுக்குத்தான் வேறு மருந்து வேண்டும். ப்ளீச்சை எந்த ஆல்கஹாலோடும் அமிலத்தோடும் ஒரே டப்பாவில் கலக்காதீர்கள். எது பயன்படுத்தினாலும் முதலில் சட்டத்தில் ஒரு துண்டைப் போட்டுச் சோதியுங்கள். உரித்த பாடியில் பழைய பட்டியும் இளகியிருக்கும், சூப்பர் க்ளூ ஒட்டுகள்கூடத் தளர்ந்திருக்கலாம். அதனால் வேலை மறுபடி நனைத்த பாடியிலிருந்தும் டியூப்லைட்டிலிருந்தும்தான் ஆரம்பம்.